சவ்வு எத்தனை நாள் ஓடும்?

வைவா முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மார்க் வந்துவிட்டது, ட்ரீட்டும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் எக்ஸ்டர்னலாக வந்த சார் கேட்ட ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே இறக்கி வைத்தால்தான் தூக்கம் வரும் போல.

என் பிராஜெக்ட், ஆல்கஹாலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் பாலிமர் காம்போசிட் சவ்வு. ஸ்லைடு எல்லாம் காட்டி முடித்தேன். வரைபடங்கள் அழகாக ஏறி இறங்கின. அந்த சார் பல வருடம் ஒரு டிஸ்டிலரியில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. இதை ஆலையில மாட்டினா எத்தனை நாள் ஓடும்?"

"சார், அது ஃப்யூச்சர் ஒர்க்..." என்று இழுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னார்.

நண்பர்களே, எனக்கு விடை தெரியும். 18 நாள். அதை ரிப்போர்ட்டில் நான் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று சொல்வதற்கு முன்னால், இது எதைப் பற்றிய விவகாரம் என்று மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கெமிக்கல் மக்கள் இரண்டு பகுதியைத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

காய்ச்சினால் போகாத தண்ணீர்

கரும்பு மொலாசஸையோ மக்காச்சோளத்தையோ உடைந்த அரிசியையோ நொதிக்க வைத்தால் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் எத்தனால். அதைக் காய்ச்சி வடித்தால் எத்தனால் சேரச் சேர மேலே வரும். சரி, இன்னும் உயரமான கோபுரம் கட்டி இன்னும் காய்ச்சினால் 100 சதவீதம் வந்துவிடும்தானே? வராது. எடையில் 95.6 சதவீதம் எத்தனால் ஆனதும் நின்றுவிடும். அந்த இடத்தில் கலவை 78.2 டிகிரியில் கொதிக்கிறது. சுத்த எத்தனால் கொதிப்பதோ 78.4 டிகிரியில். கலவை கொதிக்கும்போது மேலே போகும் ஆவியிலும் அதே 95.6 சதவீதம்தான், கீழே நிற்கும் திரவத்திலும் அதே 95.6 சதவீதம்தான். இரண்டும் ஒன்றாகிவிட்டால் வடிப்பதற்கு என்ன இருக்கிறது? இதற்கு அசியோட்ரோப் என்று பெயர்.

மீதி 4 சதவீதத் தண்ணீர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். பிரேசிலில் அப்படித்தான் தண்ணீர் கலந்த எத்தனாலைத் தனி எரிபொருளாகவே பங்கில் விற்கிறார்கள். அதற்கேற்ற எஞ்சின் இருந்தால் வண்டி ஓடும். ஆனால் பெட்ரோலில் கலக்க வேண்டுமென்றால் கதை வேறு. தண்ணீர் அதிகமானால், குளிர் நாளில் டேங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காக இறங்கிவிடும். அதனால் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 99.5 சதவீதம் அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2014ல் சுமார் 1.5 சதவீதம். 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2025ல் 20. ஒவ்வொரு லிட்டரும் அந்தக் கடைசி 4 சதவீதத் தண்ணீரை எங்காவது இறக்கி வைத்துவிட்டுத்தான் பங்குக்கு வருகிறது.

எங்கே இறக்கி வைக்கிறது? பழைய வழி, மூன்றாவதாக ஓர் ஆளைச் சேர்ப்பது. 1902ல் சிட்னி யங் என்ற வேதியியலாளர் பென்சீனைச் சேர்த்து வடித்து அசியோட்ரோப்பை உடைத்துக் காட்டினார். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். பிறகு சைக்ளோஹெக்சேன் வந்தது. இப்போது எரிபொருள் எத்தனால் ஆலைகளில் பெரும்பாலும் இருப்பது மூலக்கூறு சல்லடை. 3 ஆங்ஸ்ட்ராம் துளை கொண்ட ஜியோலைட் மணிகளை ஒரு தொட்டியில் நிரப்பி, ஆல்கஹால் ஆவியை அதன் வழியே விடுவார்கள். தண்ணீர் மூலக்கூறு சிறியது, உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனால் பெரியது, வெளியே நின்றுவிடும். மணிகள் தண்ணீர் குடித்து நிறைந்ததும் அடுத்த தொட்டிக்கு மாற்றிவிட்டு, இதை வெற்றிடம் வைத்து உலர்த்துவார்கள். உலர்த்துவதற்குத் தயாரான உலர்ந்த ஆல்கஹாலிலேயே ஒரு பகுதியைச் செலவழிக்க வேண்டும். அது தண்ணீரோடு சேர்ந்து திரும்பக் கோபுரத்துக்குப் போகும், மறுபடி காய்ச்ச வேண்டும். நீராவி என்றால் காசு.

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் வருகிறார்.

தொங்கவிட்ட பை

1917ல் அமெரிக்காவில் கோபர் என்ற வேதியியலாளரின் ஆய்வகம். கொலோடியன் சவ்வுப் பையில் திரவத்தை ஊற்றி, வாயை இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பை கட்டியபடியே இருக்கிறது, ஓட்டையும் இல்லை, ஆனால் உள்ளே இருந்த திரவம் குறைகிறது. இதை முதலில் கவனித்தது அவருடைய உதவியாளர். சவ்வின் வழியாக ஊடுருவி மறுபக்கம் ஆவியாகிப் போகும் இந்த வேலைக்குக் கோபர் பெர்வேப்பரேஷன் என்று பெயர் வைத்தார்.

இதை ஆல்கஹாலுக்குப் பயன்படுத்துவது எப்படி? சவ்வின் ஒரு பக்கம் சூடான ஆல்கஹால், தண்ணீர்க் கலவை. மறுபக்கம் வெற்றிடம். சவ்வு தண்ணீரை விரும்பும் பாலிமராக இருந்தால், தண்ணீர் அதில் கரைந்து, மெல்ல நகர்ந்து, மறுபக்கம் ஆவியாக வெளியே வரும். அதைக் குளிர்வித்துப் பிடித்துக்கொள்ளலாம். ஆல்கஹால் பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்றுவிடும். இதில் துளை கிடையாது என்பதைக் கவனியுங்கள். காபி வடிகட்டி மாதிரி நினைக்க வேண்டாம். உப்பு சாம்பாரில் கரைவது மாதிரி, தண்ணீர் பாலிமருக்குள் கரைந்து போகிறது. அதனால் ஆவியும் திரவமும் ஒன்றாகிவிட்ட அந்த அசியோட்ரோப் இதைத் தடுப்பதில்லை. மொத்த ஆல்கஹாலையும் கொதிக்க வைக்க வேண்டாம், போகிற தண்ணீரை மட்டும் ஆவியாக்கும் வெப்பம் கொடுத்தால் போதும். மூன்றாவது ஆளும் வேண்டாம்.

கேட்கவே இனிக்கிறது இல்லையா? எனக்கும் இரண்டாம் வருடத்தில் இதைப் படித்தபோது அப்படித்தான் இருந்தது.

ஏன் காம்போசிட்?

தண்ணீரை விரும்பும் பாலிமர்களில் பாலிவினைல் ஆல்கஹால் ரொம்பப் பிரபலம். சுருக்கமாகப் பிவிஏ. இறால் ஓட்டில் இருந்து வரும் கைட்டோசான், கடற்பாசியில் இருந்து வரும் சோடியம் ஆல்ஜினேட்டும் உண்டு. பிரச்சினை என்னவென்றால், சவ்வு எவ்வளவு தடிமனோ அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் போகும். 50 மைக்ரான் தடிமனில் ஒரு கிலோ போகும் இடத்தில், 1 மைக்ரானில் கிட்டத்தட்ட 50 கிலோ போகும். ஆனால் 1 மைக்ரான் படலத்தைக் கையில் எடுத்தாலே கிழிந்துவிடும். தலைமுடியின் தடிமனே அதைவிடப் பல பத்து மடங்கு.

அதனால் மூன்று அடுக்காகச் செய்கிறார்கள். அடியில் பாலியஸ்டர் துணி, பலத்துக்கு. அதன் மேல் துளைகள் நிறைந்த பாலிஅக்ரிலோநைட்ரைல் அடுக்கு, மேலே வரும் மெல்லிய படலம் உட்காருவதற்குச் சமதளம் தர. எல்லாவற்றுக்கும் மேலே அரை மைக்ரானில் இருந்து 2 மைக்ரான் வரை பிவிஏ. பிரிக்கும் வேலை முழுவதும் அந்த மேல் அடுக்குக்குத்தான். பிவிஏ தண்ணீரில் கரையும் பொருள் ஆயிற்றே, அப்படியே விட்டால் பாயசத்தில் போட்ட ஜவ்வரிசி மாதிரி ஊதிவிடும். அதனால் குளூட்டரால்டிஹைடு, மாலிக் அமிலம் போன்ற எதையாவது போட்டுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பார்கள். கட்டு அதிகமானால் தண்ணீரும் போகாது. கட்டு குறைந்தால் சவ்வு ஊதி, தண்ணீரின் பின்னாலேயே ஆல்கஹாலும் வந்துவிடும். இந்தத் தொழிலின் தலைவலி மொத்தமும் இந்த இரண்டு வரிதான்.

இது கனவுத் திட்டம் இல்லை. ஜெர்மனியின் ஜிஎஃப்டி நிறுவனம் இதே பிவிஏ சவ்வை வைத்து 1982ல் பிரேசிலில் ஒரு சிறிய ஆலை போட்டது. 1988ல் பிரான்சின் பெத்தனிவில் என்ற ஊரில், சர்க்கரைக் கிழங்கில் இருந்து வரும் எத்தனாலுக்காக, நாளொன்றுக்குச் சுமார் 1.5 லட்சம் லிட்டர் ஆலை வந்தது. 2 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் சவ்வு. அதாவது நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே இந்த வேலை நடந்து முடிந்துவிட்டது.

பிறகு ஏன் இன்றைக்கும் எரிபொருள் எத்தனால் ஆலைக்குள் போனால் மூலக்கூறு சல்லடை நிற்கிறது? ஏன் நாம் இன்னும் ஒவ்வொரு வருடமும் புதிய புதிய சவ்வாக ஊற்றிக்கொண்டே இருக்கிறோம்?

என் கருத்து இதுதான்: புதிய சவ்வு கண்டுபிடிப்பதில் நமக்குக் குறையே இல்லை. நாம் அளப்பதுதான் தப்பு. ஆலை கேட்கும் கேள்வி ஒன்று, நம் லேப் பதில் சொல்லும் கேள்வி வேறொன்று. இதற்கு மூன்று உதாரணம் தருகிறேன்.

ஒன்று: பெரிய எண்ணின் மயக்கம்

எங்கள் துறையில் பெருமை பேசும் எண், செபரேஷன் ஃபேக்டர். சவ்வைத் தாண்டி வந்ததில் தண்ணீருக்கும் ஆல்கஹாலுக்கும் உள்ள விகிதத்தை, முதலில் இருந்த கலவையில் உள்ள அதே விகிதத்தால் வகுக்க வேண்டும். 10 சதவீதத் தண்ணீர் இருக்கும் கலவையை எடுத்துக்கொள்வோம். சவ்வைத் தாண்டி வந்தது 95 சதவீதத் தண்ணீர் என்றால் எண் 171. 99 சதவீதம் என்றால் 891. 99.9 சதவீதம் என்றால் 8991. அடேங்கப்பா, 171 எங்கே, 8991 எங்கே!

இப்போது ஆலைக்காரர் கண்ணால் பார்ப்போம். 100 கிலோ கலவையில் இருந்து 10 கிலோ தண்ணீரை வெளியேற்றுகிறோம். 171 எண் உள்ள சவ்வில், கூடவே போகும் ஆல்கஹால் சுமார் அரை கிலோ. 891 எண்ணில் 100 கிராம். 8991 எண்ணில் 10 கிராம். இருக்கும் 90 கிலோ ஆல்கஹாலில் 100 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடையில் யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? அதுவும் வீணாகப் போவதில்லை, குளிர்வித்துப் பிடித்துக் கோபுரத்துக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். எண் பத்து மடங்கு ஏறியது, ஆலைக்குக் கிடைத்தது 90 கிராம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 99.9 என்பதை 99.8 என்று அளந்துவிட்டால் 8991 அப்படியே 4491 ஆகிவிடும். பாதி! நான் அளந்தது ஒரு பழைய ரிஃப்ராக்டோமீட்டரில். கண்ணை இடுக்கிக் கோட்டைப் பார்க்கும் அந்தக் கருவியில் 0.1 சதவீதத்தை நான் துல்லியமாகச் சொன்னேன் என்றால் என் அம்மாவே நம்ப மாட்டார். ஆனால் ரிப்போர்ட்டில் நாலு இலக்க எண் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. பேக்கர், விஜ்மன்ஸ், ஹுவாங் என்ற மூன்று பேர் 2010ல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். செபரேஷன் ஃபேக்டரும் ஃப்ளக்ஸும் சவ்வின் குணத்தை மட்டும் காட்டுபவை இல்லை, அன்றைக்கு வைத்த வெப்பநிலை, கலவை, வெற்றிடம் எல்லாம் அதில் கலந்திருக்கும், அவற்றைக் கழித்துவிட்டுச் சவ்வுக்கே உரிய எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். வேக்யூம் பம்ப் பழசாகிவிட்டால் என் சவ்வின் எண் மாறும், பம்ப் மாற்றினால் மறுபடி மாறும். அப்படியானால் நான் அளந்தது சவ்வையா, பம்பையா?

இரண்டு: 20 சதுர சென்டிமீட்டர்

லேபில் நாம் வைக்கும் சவ்வு ஒரு வட்டத் துண்டு. 5 சென்டிமீட்டர் விட்டம். பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர்.

நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் எத்தனால் ஆலைக்குக் கணக்குப் போடுவோம். 95 சதவீதத்தில் இருந்து 99.5க்குக் கொண்டுபோக, நாளொன்றுக்குச் சுமார் 3.7 டன் தண்ணீரை எடுக்க வேண்டும். மணிக்கு 155 கிலோ போல. தண்ணீர் குறையக் குறைய ஃப்ளக்ஸும் குறையும். அதனால் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 100 கிராம் என்று வைத்தால், சுமார் 1,550 சதுர மீட்டர் வேண்டும். பெத்தனிவில் ஆலையின் பரப்போடு இது ஒத்துப்போகிறது, ஆக கணக்கு தப்பில்லை. என் வட்டத் துண்டில் 7 லட்சத்துக்கு மேல் தேவை!

துண்டு போடும்போது நாம் என்ன செய்வோம்? ஊற்றிய படலத்தில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டுவோம். குமிழி உள்ள இடத்தைத் தள்ளிவிடுவோம். ஆலையில் அப்படி முடியாது. 1,550 சதுர மீட்டரில் குண்டூசி முனையளவு ஓட்டைகள் சில இருந்தாலே, அதன் வழியாகக் கலவை அப்படியே ஓடும். அந்த ஒரு மைக்ரான் அடுக்கை மீட்டர் கணக்கில் ஓட்டையில்லாமல் பூசுவதுதான் உண்மையான திறமை. அதைப் பற்றி எந்த பிராஜெக்ட் ரிப்போர்ட்டிலாவது ஒரு பக்கம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. பலர் இன்னும் 50 மைக்ரான் தனிப் படலத்தைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உரித்து, ஃப்ளக்ஸ் குறைவாக இருக்கிறது என்று வருத்தப்பட்டு, அதில் ஏதாவது ஒரு நானோ தூளைப் போடுகிறார்கள். மெல்லிசாகப் பூசிப் பார்த்திருந்தால் தூளே தேவைப்பட்டிருக்காது.

மூன்று: 18ஆம் நாள்

இப்போது என் கதை.

நான் செய்தது பிவிஏ, குளூட்டரால்டிஹைடு கட்டு, பாலிஅக்ரிலோநைட்ரைல் சப்போர்ட். 60 டிகிரி, 10 சதவீதத் தண்ணீர். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. ரிப்போர்ட்டில் இருக்கும் அத்தனை வரைபடமும் அந்த ஒரு வாரத்தில் எடுத்ததுதான். அதற்குப் பிறகு பம்ப்பை இன்னொரு குழுவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. சவ்வு செல்லுக்குள்ளேயே காய்ந்து கிடந்தது. பம்ப் திரும்பி வந்ததும் மறுபடி ஓட்டினேன். மறுபடி நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன்.

18ஆம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், குளிர்பொறியில் வழக்கத்தைவிட நிறையத் திரவம். ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், ஃப்ளக்ஸ் ஏறிவிட்டது என்று. முகர்ந்து பார்த்தால் ஆல்கஹால் வாடை. செல்லைத் திறந்தேன். தோசைக்கல்லில் ஓரம் கிளம்பிய தோசை மாதிரி, மேல் அடுக்கு ஒரு பக்கம் சப்போர்ட்டை விட்டு எழும்பி நின்றது.

காரணம் யோசித்தால் புரிகிறது. பிவிஏ ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அடியில் இருக்கும் அடுக்கு அந்த அளவு ஊதாது, சுருங்காது. ஒவ்வொரு முறை நிறுத்தி ஓட்டும்போதும் இரண்டுக்கும் நடுவில் இழுபறி. என்றைக்காவது ஒரு நாள் பிடி விட்டுவிடும். ஆலையில் இதைவிட மோசம். அங்கே வரும் ஆல்கஹாலில் நொதித்தலில் வந்த அசெட்டிக் அமிலம், ஃபியூசல் எண்ணெய் எல்லாம் துளித்துளியாக இருக்கும். குளூட்டரால்டிஹைடு போட்ட கட்டுகள் அமிலமும் சூடும் சேர்ந்தால் மெல்ல அவிழக் கூடியவை. கரும்பு சீசன் முடிந்தால் ஆலையை நிறுத்துவார்கள். என் சவ்வு லேப் ஆல்கஹாலிலேயே 18 நாளில் கையை விரித்துவிட்டது.

கைடிடம் சொன்னேன். "முதல் வார டேட்டா போதும்ப்பா, நேரம் இல்லை" என்றார். அவர் மேல் பழி போட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நோட்டுப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வரைபடம் வரையப் போய்விட்டேன்.

இப்போது யோசிக்கிறேன். அந்த 18ஆம் நாள்தான் என் பிராஜெக்ட்டிலேயே இன்னொருவருக்குப் பயன்படக்கூடிய ஒரே விஷயம். முதல் வார எண்கள் ஏற்கெனவே பலர் சொன்னதுதான். இந்த சப்போர்ட்டில், இந்தக் கட்டோடு, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அடுக்கு பிரிகிறது என்பதை நான் எழுதியிருந்தால், அடுத்து வருகிறவன் அங்கிருந்து தொடங்கியிருப்பான். நான் மறைத்ததால் அவனும் ஒரு 18ஆம் நாள் காலையில் தனியாக நின்று முழிப்பான். அவனும் பக்கத்தை மடித்து வைப்பான்.

எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு

இதை ஹாஸ்டலில் சொன்னபோது வந்த பதில்கள் நியாயமானவை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

"பிராஜெக்ட்டுக்கு இருப்பது நாலு மாதம். ஒரு பம்ப், ஆறு குழு. நூறு நாள் யாரால் ஓட்ட முடியும்?" உண்மை. தனியாக முடியாது. அதற்கு ஒரு வழி கீழே சொல்கிறேன்.

"பெரிய ஆலைகளில் சல்லடை ஜெயித்ததற்கு நம் லேப் காரணமா?" இல்லைதான். சல்லடைத் தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் செலவு இரண்டு மடங்கு ஆவதில்லை. சவ்வில் கொள்ளளவு இரண்டு மடங்கு என்றால் பரப்பும் இரண்டு மடங்கு, செலவும் கிட்டத்தட்ட அப்படியே. பெரிய அளவில் அது சவ்வுக்குப் பாதகம். ஆனால் இதே காரணத்தால் சிறிய அளவில் சவ்வுக்குச் சாதகம். மருந்து ஆலைகளில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போன்ற கரைப்பான்களைச் சின்னச் சின்னத் தொகுதியாக உலர்த்தி மறுபடி பயன்படுத்த வேண்டும். அதன் அசியோட்ரோப் இன்னும் மோசம், எடையில் 88 சதவீதத்திலேயே நின்றுவிடும். அங்கே பெர்வேப்பரேஷனுக்கு நல்ல இடம் உண்டு. ஆனால் அங்கேயும் ஆலைக்காரர் கேட்பது அதே கேள்விதான். சவ்வை எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியாமல் அவர் எப்படிச் செலவுக் கணக்குப் போடுவார்?

"புதுப் பொருள் வேண்டாமா?" வேண்டும். ஜப்பானில் ஜியோலைட் சவ்வை வைத்தே ஆலை போட்டார்கள். நெதர்லாந்தில் சிலிக்காவையும் கரிமப் பாலங்களையும் கலந்து ஒரு கலப்புச் சவ்வு செய்தார்கள். 2008ல் அது பற்றிய கட்டுரைகள் வந்தபோது எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் செபரேஷன் ஃபேக்டர் இல்லை. தண்ணீர் கலந்த பியூட்டனாலில், 150 டிகிரியில், ஒரு வருடத்துக்கும் மேல் அதை ஓட்டிக் காட்டினார்கள். புதுப் பொருளை நம்ப வைத்தது நாள்கணக்குதான்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எல்லாம் இல்லை. நம் லேபிலேயே நாளைக்கே செய்யக்கூடிய நாலு விஷயம்.

முதலாவது, செபரேஷன் ஃபேக்டரைத் தலைப்பில் போடாமல், தாண்டி வந்ததில் எத்தனை சதவீதத் தண்ணீர் என்று நேராகச் சொல்வோம். கூடவே வெற்றிட அளவு, வெப்பநிலை, அளந்த கருவி. 99க்கு மேல் போய்விட்டால் "99க்கு மேல்" என்று எழுதினால் போதும், நாலு இலக்கம் வேண்டாம்.

இரண்டாவது, அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது மாதிரி, சவ்வையும் ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போவோம். ஒரே ஒரு செல், ஒரே ஒரு சவ்வு, நிறுத்தாமல் ஓடட்டும். வாரம் ஒரு முறை ஒருவர் போய் அளந்து, கயிறு கட்டித் தொங்கும் நோட்டில் எழுதினால் போதும். மூன்று பேட்ச் சேர்ந்தால் நூறு நாள் என்ன, ஐந்நூறு நாள் கூட வரும். எல்லோருக்கும் புது சவ்வு வேண்டும் என்பதால்தான் எதுவும் முதுமை வரை வாழ்வதில்லை.

மூன்றாவது, நிறுத்தி ஓட்டுவதையே ஒரு சோதனையாக வைப்போம். காய வைத்து, ஈரமாக்கி, மறுபடி காய வைத்து. கலவையில் கொஞ்சம் அசெட்டிக் அமிலம் சேர்த்து. செலவு ஒன்றும் இல்லை. ஆலையில் சவ்வு படும் பாட்டில் பாதியை இதிலேயே பார்த்துவிடலாம்.

நாலாவது, ரிப்போர்ட்டில் ஒரு பக்கம், கடைசிப் பக்கமாகவே இருக்கட்டும்: சவ்வு எப்போது, எப்படிக் கெட்டது. கெடவில்லை என்றால், எத்தனை நாள் வரை பார்த்தோம் என்று. அந்தப் பக்கத்துக்கும் மார்க் உண்டு என்று துறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், யாரும் நோட்டை மடித்து வைக்க மாட்டார்கள்.

போன திங்கட்கிழமை லேபுக்குப் போய் என் பழைய நோட்டை எடுத்து, 18ஆம் நாள் பக்கத்தை நகல் எடுத்தேன். ரிப்போர்ட் பைண்டிங் ஆகி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டது, அதில் ஒட்ட முடியாது. அதனால் ஒரு நகலைக் கைடிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதைத் தொடர்ந்து பார்க்கலாம்" என்றார். இன்னொரு நகலையும், மீதமிருந்த சவ்வுத் துண்டுகளையும் இந்த வருடம் இதே தலைப்பை எடுத்திருக்கும் தம்பியிடம் கொடுத்தேன்.

"என்னண்ணே, உங்க சவ்வு கெட்டுப்போனதை எங்கிட்ட குடுக்கறீங்க?" என்று சிரித்தான்.

"எங்க கெட்டுப்போச்சுன்னு இருக்கு பாரு, அங்கேருந்து ஆரம்பி" என்றேன்.

செல்லில் புதுத் துண்டை மாட்டியிருக்கிறான். இன்றைக்கு 4ஆம் நாள்.